வடக்குக் கழியின் முப்பது மரங்கள்

ஏழாம் தேதி, வியாழக்கிழமை
இலைப் பொட்டலம் போகும் நாள்

என் அன்புள்ள மேப்புக்காரிக்கு,

சேற்றுக்காலன் எழுதுவது. நானும் மகளும் நலம். நீயும் உன் கணினியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் செயற்கைக்கோள் ஆய்வு நிலையத்துக்கு வாராவாரம் சோதனைக்குப் போகும் இலைப் பொட்டலத்தோடு சேர்த்து இந்தக் கடிதத்தையும் கட்டுகிறேன். அங்கே பொட்டலம் பிரிக்கிறவர்கள் வம்புக்குப் படித்துவிடக் கூடாதே என்று உறையை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பிரிக்கும்போது கிழிந்தால் என்னைத் திட்டாதே.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கத்துவேன், நீ சட்டென்று வாயை மூடிக்கொள்வாய், கடைசியில் இரண்டு பேரும் மகள் கையில் போனைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வோம். நீ அங்கே போன இந்த இரண்டு வருஷத்தில் உருப்படியாக ஒரு விஷயத்தைக்கூட நாம் போனில் பேசி முடித்ததில்லை. இது பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

முதலில் வீட்டைப் பற்றி. மகளுக்குக் காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகிறது. இப்போது வாய் பழையபடி காது வரைக்கும் நீளம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதனால் 'ச' வர வேண்டிய இடத்தில் எல்லாம் காற்றுதான் வருகிறது. என்னை மிரட்டும்போதுகூடக் காற்றுதான். துணி துவைக்கும் இயந்திரம் மறுபடி ஆட்டம் போட ஆரம்பித்தது; உன்னுடைய பழைய பாடப் புத்தகம் ஒன்றை ஒரு காலுக்கு அடியில் செருகினேன், அடங்கிவிட்டது. எந்தப் புத்தகம் என்று மட்டும் கேட்காதே. எதிர்வீட்டு டீச்சர் மாலையில் இரண்டு மணி நேரம் மகளைப் பார்த்துக்கொள்கிறார். புண்ணியவதி. நான் வைக்கும் குழம்பைப் பற்றி அவரிடம் மகள் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரியவில்லை, அடிக்கடி கிண்ணத்தில் ஏதாவது வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் வரைபடம் போன வாரம் எங்கள் வனத்துறை ஆபீசுக்கு வந்தது. சுவரில் ஒட்டினார்கள். உப்பங்கழிகள் ஓடும் அலையாத்திக் காடு முழுக்கப் பச்சை. வடக்குக் கழியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. ஓரத்தில் உன் பெயர். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரப்பர் ஸ்டாம்ப் (எங்கள் அதிகாரிக்கு நீ வைத்த பெயர், இப்போது ஆபீசே அப்படித்தான் சொல்கிறது) சிவப்பின் மேல் விரலை வைத்து, "நாப்பது ஹெக்டேரும் செத்துப்போச்சு. இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துல உங்க வீட்டம்மாதான் இந்தப் படத்தைக் காட்டிப் பேசறாங்க. அன்னிக்கே பாதுகாப்புப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க" என்றார். எடுத்த கையோடு அங்கே சரக்கு இறக்கும் தளம் வருகிறதாம். கழியின் வாய்க்குக் குறுக்கே மண்கரை போட்டு, கடல்நீர் உள்ளே வராமல் அடைத்துவிடுவார்களாம்.

அதற்கு முன்னேற்பாடாக என்னை அனுப்பினார்கள். படத்தைச் சரிபார்க்க நீ குறித்துக் கொடுத்த முப்பது இடங்கள், இடத்துக்கு ஒரு மரம், அந்த முப்பது மரத்திலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு வர வேண்டும். சனிக்கிழமை காலையில் படகுக்காரரோடு போனேன். நீர் நன்றாக இறங்கியிருந்தது. எட்டாவது மரத்தண்டை சேற்றில் வழுக்கி, விழாமல் இருக்க ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கினேன். என் எடை உனக்குத் தெரியும். கிளை முறியவில்லை. வளைந்து என்னைத் தாங்கிக்கொண்டது. படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "செத்த கிளைன்னா முறியும் தம்பி. இப்படி வளையாது" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த மனிதர் என்றைக்குப் பேசியிருக்கிறார்?

சாய டப்பாவை வைத்துவிட்டு, பேனாக்கத்தியால் பட்டையை நகத்தளவு கீறினேன். உள்ளே பச்சை. ஈரமாக இருந்தது. பக்கத்திலேயே நெருங்கி நின்ற மரங்களாக நீர் திரும்பி ஏறும்வரை பதினொரு மரம் கீறிப் பார்த்தேன். ஒன்பது பச்சை. இலை மட்டும்தான் இல்லை. கிளை இடுக்குகளில் காய்ந்த புழுக்கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. புழு விழுந்திருக்கிறது. நரம்பைக்கூட விடாமல் மொத்த இலையையும் தின்றுவிட்டு, கூடு கட்டி, பூச்சியாகிப் பறந்துவிட்டது. மரம் மொட்டையாக நிற்கிறது, சாகவில்லை. வெண்கண்டல் மரத்துக்கு எப்போதாவது இப்படி நேர்வதுண்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி துளிர்த்துக்கொள்ளும் என்று படகுக்காரர் சொல்கிறார்.

உன் செயற்கைக்கோளைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற பிறவிக்கு மொட்டை மரத்துக்கும் செத்த மரத்துக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? இலை திருப்பியடிக்கும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. இலை இல்லையென்றால் சிவப்பு என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அதற்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான், படம் போடுவதற்கு முன்னால் அந்த முப்பது மரத்தையும் பார்த்து நிரப்பச் சொல்லி அனுப்பிய படிவத்தின் அடியில் நீயே ஒரு வரி சேர்த்திருந்தாய்: "மரத்தருகே இறங்கிச் சென்று, பட்டையைக் கீறிப் பார்த்தேன்." பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். முப்பது மரத்துக்கும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்து, "இறந்தது" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பியவன் நான்.

நான் இறங்கவில்லை. படகில் உட்கார்ந்தபடியே டிக் அடித்தேன். அன்றைக்குத்தான் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள். நீரும் ஏறிக்கொண்டிருந்தது.

அதனால் அந்தச் சிவப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. இருபத்தெட்டாம் தேதி அந்தப் படத்தைக் காட்டிப் பேசாதே. கழியை அடைத்தால் இப்போது உயிரோடு இருப்பதும் நிஜமாகவே செத்துவிடும். இந்தப் படத்தை வைத்துத்தான் உன்னை அங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முப்பது மரத்தையும் மறுபடி பார்த்துப் புதுப் படிவம் அனுப்புகிறேன், நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

கோபம் வந்தால் முழுசாக எழுது. பாதியை மென்று விழுங்காதே.

உன்,
சேற்றுக்காலன்

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை

அன்பு மேப்புக்காரிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதைக் கடிதம் என்று சொல்வதா, தந்தி என்று சொல்வதா? மூன்றே வரி. "முப்பதில் எத்தனை மரத்தருகே இறங்கினீர்கள்? எண்ணை மட்டும் எழுதுங்கள். பாப்பாவுக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுங்கள், வெயில் அதிகம்." என்னைக் கொல்லுகிற கோபத்திலும் தொப்பியை மறக்கவில்லை பார். தொப்பி வாங்கியாயிற்று. மஞ்சள் நிறம். அவளே தேர்ந்தெடுத்தாள், குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறாள்.

எண்: நான்கு.

எண்ணை மட்டும் எழுதச் சொன்னாய். என்னால் முடியாது. போன கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதினேனே, அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. முதல் நாள் நான்கு மரம் பார்த்து முடித்தபோது பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது, ஓடினேன். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, டீச்சர் பார்த்துக்கொண்டார். மிச்சம் இருபத்தாறு மரத்துக்கும் எனக்கு முழுசாக ஒரு வாரம் இருந்தது.

நடந்தது இதுதான். முதல் நாள் மாலை நீ போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? லீவுக்கு வரவில்லை, வரைபடம் முடிய வேண்டும் என்றாய். "மேப்பு மேப்புன்னு அங்கேயே கிட" என்று சொல்லிவிட்டு நான் வைத்துவிட்டேன். மறுநாள் படகில் ஏறும்போது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் ஏறினேன். நீர் ஏறியிருந்தது. படகுக்காரர், "இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தா இறங்கிடும், காத்திருப்போமா?" என்று கேட்டார். அவள் மேப்புக்காக நான் ஏன் காய வேண்டும் என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்த நான்கு மரமும் கழியின் வாயோரம் நிற்பவை. மணல் ஏறி, பென்சில் நட்ட மாதிரி நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களையெல்லாம் மூடி, அவை உண்மையிலேயே செத்துப்போயிருந்தன. மிச்சமும் இதே லட்சணமாகத்தான் இருக்கும் என்று படகை ஓட்டச் சொல்லி, தூரத்தில் மொட்டைக் கிளை தெரிந்த இடத்திலெல்லாம் டிக் அடித்தேன். இருபத்தாறு டிக். அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஒரு காகிதத்தின் மேல் பொறாமைப்படும் புருஷன் உலகத்தில் உண்டா? இருக்கிறான். உன் கூடவே இருக்கிறது, நீ அதைத் தடவித் தடவிப் பார்க்கிறாய், அதற்காக லீவைக் கூட விடுகிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உள்ளே வைத்திருந்தால் புண்ணாகிவிடும். உன்னைத் தோற்கடிக்க வேண்டுமென்றே செய்தேனோ என்று நீ நினைக்கலாம். சத்தியமாக இல்லை. ஆனால் அந்த முதல் சனிக்கிழமை பச்சையைப் பார்த்தபோது, "பேசாமல் இருந்துவிட்டால் என்ன? பிறகு விஷயம் வெளியே வரும், அவளுக்கு அங்கே வேலை போகும், மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்" என்று ஒரு நினைப்பு வந்தது. சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு அப்படி நினைத்தேன். பிறகு அசிங்கமாக இருந்தது. சாய டப்பாவைத் தூக்கிப் படகில் எறிந்தேன், படகுக்காரர் சட்டையெல்லாம் சிவப்பு. பாவம் அந்த மனிதர்.

வேலை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தொடங்கி நேற்று வரை தினமும் போனோம். நீர் இறங்கி நிற்பது இரண்டு, மூன்று மணி நேரம். அதற்குள் நான்கைந்து மரம்தான் முடிகிறது. சில இடங்களில் சேறு இடுப்பு வரை. ஒரு செருப்பு உள்ளே போயே போய்விட்டது, இன்னும் நூறு வருஷம் கழித்து யாராவது தோண்டி எடுத்து ஆராய்ச்சி செய்யட்டும். முப்பது மரத்தையும் தொட்டு, கீறி, படம் எடுத்தாயிற்று. இருபத்துமூன்று உயிரோடு இருக்கின்றன. ஏழு செத்துவிட்டன, நான்கு வாயோரத்தில், மூன்று உள்ளே. புதுப் படிவமும் படங்களும் இதோடு இருக்கின்றன. கட்டத்தில் இருக்கும் டிக் ஒவ்வொன்றும் இந்த முறை நிஜம்.

பதினேழாவது மரத்தில் ஒரு கணு அருகே எதிரெதிராக இரண்டு துளிர் பார்த்தேன். அரிசி அளவுதான் இருக்கும். படகுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான்தான் சொன்னேனே" என்றார். எப்போது சொன்னார்? சொன்னாராம்!

ஸ்டாம்ப்பிடமும் போய் நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, "உனக்கென்ன பைத்தியமா? கையெழுத்துப் போட்ட படிவத்தை மாத்தினா மெமோ வரும். உன் வீட்டம்மா வேலைக்கும் ஆபத்து. பேசாம எடுத்துட்டுப் போ" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே, பழக்க தோஷத்தில், முத்திரையை எடுத்துக் காகிதத்தில் 'பெறப்பட்டது' என்று ஒரு குத்துக் குத்திவிட்டார். தேதியோடு. குத்திவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. முத்திரை விழுந்துவிட்டால் அது அரசாங்கக் காகிதம், அவராலும் கிழிக்க முடியாது. மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

உன் செயற்கைக்கோள் ஐந்து நாளைக்கு ஒருமுறை காலை பத்தரை மணி வாக்கில் எங்கள் தலைக்கு மேல் போகும் என்று நீ சொல்லித் தந்த கணக்கு எனக்கு மனப்பாடம். நேற்று போயிருக்க வேண்டும். நேற்றுக் காலை வானம் முழுக்க மேகம், உனக்கு வெள்ளையாகத்தான் வந்திருக்கும். பதினெட்டாம் தேதி ஒன்று, இருபத்துமூன்றாம் தேதி ஒன்று, கூட்டத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு முறைதான் வாய்ப்பு. துளிர் விட்ட காட்டை அது ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், என் படிவத்தை நம்பாதவர்கள்கூடப் படத்தை நம்புவார்கள். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். இப்போது தினமும் காலையில் மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். "அப்பா யார்கிட்ட பேசறே?" என்று மகள் கேட்கிறாள்.

என் மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி, அந்த இருபத்துமூன்றையும் விட்டுவிடாதே. என்னை மன்னிப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், அதற்குத் தேதி ஒன்றும் இல்லை.

உன்,
சேற்றுக்காலன்

ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை

என் அன்பிற்கும் பெருமைக்கும் உரிய மேப்புக்காரிக்கு,

கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த ஸ்டாம்ப், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேராக என் மேஜைக்கு வந்தார். மெமோவைத்தான் கொண்டுவருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "உன் பொண்டாட்டி என்ன பேச்சுப் பேசறா தெரியுமா?" என்று ஆரம்பித்தார். நீ எழுதியதைவிட அவர் சொன்னதில் மசாலா அதிகம் இருக்கும். ஆனாலும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன், அங்கே நீ எப்படி நின்றாய் என்று உனக்குத் தெரியாதே.

பெரிய பெரிய ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். நீ எழுந்து முதல் வார்த்தையாகவே, "உங்க கையில இருக்கற வரைபடம் தப்பு. போட்டவ நான்தான்" என்றாயாம். பிறகு திரையில் மூன்று படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டியிருக்கிறாய். புழு விழுவதற்கு முன்னால் பச்சை. தின்றுவிட்டுப் போன பிறகு சிவப்பு. இருபத்துமூன்றாம் தேதி எடுத்ததில் சிவப்பு வெளுத்து, ஊடே ஊடே இளம்பச்சை. பதினெட்டாம் தேதியும் மேகம் மூடியபோது நான் இங்கே நம்பிக்கையே விட்டுவிட்டேன். இருபத்துமூன்று காலையில் துடைத்துவிட்ட மாதிரி நீலம். மாடியிலிருந்து இறங்கவே மனசு வரவில்லை. மேலே பார்த்துக் கையைக்கூட ஆட்டினேன், உன் படத்தில் தெரிந்திருக்காது.

சரக்குத் தளத்துக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் நக்கலாக, "தப்பாச் சொல்லும்னா அப்புறம் அந்தச் செயற்கைக்கோள் எதுக்கும்மா?" என்று கேட்டாராம். "எங்க இறங்கிப் போய்ப் பாக்கணும்னு சொல்றதுக்கு" என்றாயாம் நீ. ஸ்டாம்ப் இதைச் சொல்லிவிட்டு என் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார், டீ கொட்டிவிட்டது. "களப் படிவம் தப்பா வந்துச்சு, அதைச் சரிபார்க்காமப் படம் போட்டது என் தப்பு" என்றும் சொன்னாயாமே. என் பெயரை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம். நான் எழுதிக் கொடுத்துவிட்டேனே. நீ பழியை உன் மேலேயே போட்டுக்கொண்டதை ஸ்டாம்ப் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸ் என்றும் பார்க்காமல் மூக்கை உறிஞ்சினேன்.

நாற்பது ஹெக்டேரும் பட்டியலிலேயே இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீ மேலிருந்து பார்க்க வேண்டும், நான் கீழிருந்து பார்க்க வேண்டும். வாயில் மேடிட்ட மணலை அள்ளவும் உத்தரவு வந்திருக்கிறது. செத்த ஏழின் இடத்தில் புதுக் கன்று தானே வேர் பிடிக்கும் என்று படகுக்காரர் சொல்கிறார். நேற்றுப் போயிருந்தேன். எட்டாவது மரத்தின் அந்தக் கிளையில் இலை என் சுண்டுவிரல் நீளம் வந்துவிட்டது. மேல்பக்கம் பளபளவென்று இருக்கிறது, அடிப்பக்கம் சாம்பல் பூசினாற்போல. தொட்டுக்கொண்டே நின்றேன்.

மெமோவும் வராமல் இல்லை. இனி முப்பது மரத்தோடும் நான் பக்கத்தில் நின்று, பட்டையைக் கீறும் கையோடு, முகம் தெரியப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். படகுக்காரர்தான் எடுக்கிறார். "சிரிங்க தம்பி" என்கிறார். நம் கல்யாணத்தில்கூட நான் இத்தனை படத்துக்கு நிற்கவில்லை. அடுத்த வாரம் முதல் முப்பது சேற்று முகம் உன் கணினியில் வந்து இறங்கும், தயாராக இரு.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். இந்த முறை நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். முதல் மூன்று பக்கம் என்னைத் திட்டியிருக்கிறாய். நன்றாகத் திட்டியிருக்கிறாய், ஒரு வரிகூட வீண் இல்லை. கேட்டதற்கு முழுசாக எழுதினாயே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. நான்காம் பக்கத்தில்தான் விஷயம். கரையோரக் காடு முழுவதிலும் எந்த எந்த இடம் அடுத்து நலியும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலையை உன்னிடம் கொடுக்கிறார்கள். மூன்று வருஷம். தவறை எழுந்து நின்று சொன்னவள்தான் இதற்குச் சரி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கடைசியில் எழுதியிருக்கிறாய்: "இருக்கவா, வரவா? உண்மையைச் சொல்லுங்கள்."

நான்கு நாளாக இதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதியது: "நாங்கள் நன்றாக இருக்கிறோம். கவலைப்படாமல் இரு." படித்துப் பார்த்தேன். படகில் உட்கார்ந்தபடியே அடித்த டிக் அது. கிழித்துப் போட்டேன்.

இறங்கிப் பார்த்து எழுதுகிறேன். நாங்கள் நன்றாக இல்லை. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தை உன் மகளிடம் "உங்க அம்மா எங்க?" என்று கேட்டிருக்கிறது. "எங்கம்மா ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு இருப்பாங்க" என்று சொல்லியிருக்கிறாள், டி.வி. நிகழ்ச்சிக்கு நேரம் சொல்கிற மாதிரி. டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்துவிட்டு வந்தேன், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை. எனக்கு? சமையலறையில் ஏதாவது கீழே விழுந்தால் "என்ன போட்டு உடைச்சே?" என்று கேட்க வாய் திறக்கிறேன். உடைத்தவன் நான்தான். உன் தலையணை உறையை மாற்றி இரண்டு வருஷமாகிறது, மாற்ற மாட்டேன், கேட்காதே. நீ இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. இதைப் போனில் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் அந்த இருபத்தாறு டிக் விழுந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. சொல்லத் தெரியாமல்தான் கத்தினேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீ இரு. மூன்று வருஷமும் இரு. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, அதெல்லாம் என்னிடம் கிடையாது. நீ வீட்டுக்கு வந்தால், முதல் ஆறு மாதம் நான் சந்தோஷமாக இருப்பேன்; பிறகு நீ ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கேயோ ஒரு கழியில் ஒரு மரம் மொட்டையாக நிற்கும், அது செத்ததா இல்லையா என்று கேட்க ஆள் இருக்காது. கேட்கத் தெரிந்தவள் நீதான். பள்ளி விடுமுறை விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். டிக்கெட் பார்த்துவிட்டேன். மகள் மஞ்சள் தொப்பியோடுதான் இறங்குவாள், கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய். எப்படி இருக்கிறீர்கள் என்பாய். நானும் பழக்கத்தில் "நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மகளிடம் போனைக் கொடுக்கப் பார்ப்பேன். கொடுக்க விடாதே. அப்படியே நம்பிவிடாதே, இன்னொரு தடவை கேள். நானும் உன்னைக் கேட்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
சேற்றுக்காலன்